பெயர் எப்போது வர வேண்டும்?

பைத்தான் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இது பாஸ் பை வேல்யூவா, பாஸ் பை ரெஃபரன்ஸா?" பெரும்பாலும் சி++ படித்துவிட்டு வருபவர்கள் கேட்பது. இரண்டில் எதைச் சொன்னாலும் கேட்டவர் மாட்டிக்கொள்வார்.

ஏன்னு பார்ப்போம். அ = [1, 2] என்று ஒரு லிஸ்ட். அதை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்புகிறோம். உள்ளே அதன் பெயர் ப. ப-வில் 3-ஐ அப்பெண்ட் செய்தால், வெளியே அ-வும் [1, 2, 3] ஆகிவிடும். "ஓ, ரெஃபரன்ஸ்தான்!" என்று தோன்றும். இப்போது ஃபங்ஷனுக்குள் ப = [9] என்று எழுதிப் பாருங்கள். அ அசையாது. ரெஃபரன்ஸ் என்றால் அதுவும் மாறியிருக்கணுமே? சரி, வேல்யூ என்றால் முதலில் அந்த 3 எப்படி வந்தது?

நடப்பது எளிமையானது. லிஸ்ட் ஒன்றுதான், அதற்குப் பெயர் இரண்டு. அப்பெண்ட் அந்த லிஸ்டையே மாற்றுகிறது. சமக்குறியோ, ப என்ற பெயரைக் கழற்றி வேறொரு லிஸ்டில் மாட்டுகிறது. அவ்வளவுதான்.

இது புரியாவிட்டால் நஷ்டம் உண்டு. மாணவர் பெயர்கள் ஒரு லிஸ்டில், மதிப்பெண்கள் இன்னொன்றில் என்று வைத்துக்கொள்வோம். முதல் மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன் உள்ளே சார்ட் செய்தால், வெளியே யார் மதிப்பெண் யாருக்கு என்பதே மாறிப்போகும். எர்ரர் எதுவும் வராது.

இந்த நடத்தைக்கு ஒரு கலைச்சொல் இருக்கிறது: கால் பை ஷேரிங். 1970களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் க்ளூ என்ற மொழியை உருவாக்கியபோது வைத்த பெயர். பைத்தான் வெளிவந்தது 1991-இல்தான்.

"எளிமையாச் சொல்லணும்னா கலைச்சொல்லே வேண்டாம்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதையே பார்க்கும்போது, "அட, அதுதானே இது" என்று அடையாளம் காண முடியும். ஆனால் பெயர் முதலில் வந்தால் வரையறையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் விடையை ஊகிக்கட்டும், ஓட்டிப் பார்க்கட்டும், ஆச்சரியப்படட்டும். அப்புறம் பெயரைச் சொல்லலாம்.

ஒருவருக்குப் புரிந்ததா என்று சோதிக்க, கால் பை ஷேரிங் என்றால் என்ன என்று கேட்க வேண்டாம். ஃபங்ஷன் முடிந்தபின் அ என்னவாக இருக்கும் என்று கேளுங்கள், போதும்.