இரண்டு கோல் வேண்டிய இரவில் ஐந்து காவலர்கள்

காற்பந்தாட்ட ரசிகர்கள் கூடுகிற இடம் எதுவாயினும், ஆட்டத்தின் முடிவைப் பற்றிய பேச்சு கால்மணி நேரத்திற்குள் அடங்கிவிடும்; ஆனால் பதினொருவரில் யாரைச் சேர்த்திருக்க வேண்டும், யாரை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும், எவரை எந்த ஸ்தானத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற விவாதமோ வருஷக் கணக்கில் நீடிக்கும். தோல்வியுற்றால் கோபமாகவும், வெற்றி பெற்றால் வியப்பாகவும் அது வெளிப்படுகிறதேயன்றி, அடியோடு ஒழிந்துபோவதில்லை. பந்தியில் திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் திண்ணையில் அமர்ந்துகொண்டு, ரசத்தில் புளி சற்றே தூக்கல் என்று சமையற்காரரை விசாரணை செய்வதில் எத்தகைய இன்பம் உண்டோ, அத்தகைய இன்பம் இதிலும் உண்டு. அதிலும் சொந்த மைதானத்து வெற்றியைக் காட்டிலும், பிறர் மைதானத்திற்குச் சென்று பெற்ற வெற்றியைப் பற்றிய விவாதத்துக்கே சுவை அதிகம்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. புல்தரை எங்கும் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான் என்றாலும், சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு ஓர் அனுகூலம் உண்டென்பது இந்த ஆட்டத்தில் நெடுங்காலமாக அனுபவத்தில் கண்ட உண்மை. பிரயாணக் களைப்பு ஒருபுறமிருக்க, பல்லாயிரக்கணக்கான குரல்கள் ஒரே திசையில் எழுப்புகிற ஆரவாரம் ஆட்டக்காரர்களின் கால்களை மட்டுமல்ல, நடுவரின் நெஞ்சையும் சற்று அசைக்கத்தான் செய்கிறது. பெருந்தொற்றின் காரணமாக இங்கிலாந்து மைதானங்கள் ஏறக்குறைய முழுவதும் வெறிச்சோடிக் கிடந்த 2020-21 பருவத்தில், பிரீமியர் லீக்கின் 380 ஆட்டங்களில் சொந்த மைதான வெற்றிகள் 144 ஆகவும், வெளி மைதான வெற்றிகள் 153 ஆகவும் இருந்தன. ஆங்கில முதல்தர லீக்கின் நீண்ட சரித்திரத்தில் அதுவரை காணாத விபரீதம் இது. ஆகவே, ஆரவாரம் குறையாத காலத்தில் வெளியூர் சென்று வென்று திரும்புகிற அணி எதையோ சரியாக யோசித்திருக்க வேண்டும் என்று ரசிகர்கள் எண்ணுவதும், அந்த யோசனை என்னவென்று துருவித் துருவி ஆராய்வதும் இயல்பே.

அவ்விதம் ஆராயத் தகுந்த வெளியூர் வெற்றிகளுள், 1989-ஆம் வருஷம் மே மாதம் 26-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்ட் மைதானத்தில் லிவர்பூல் அணிக்கு எதிராக லண்டன் ஆர்சனல் அணி பெற்ற வெற்றிக்கு ஒப்பானது மிகச் சிலவே. அது பருவத்தின் கடைசி ஆட்டம். பட்டத்துக்கு மிஞ்சியிருந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் சந்தித்த ஆட்டம். உண்மையில் அது ஏப்ரல் 23-ஆம் தேதியே நடந்திருக்க வேண்டியது. ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் கூட்டங்கூட்டமாக நசுங்கி மாண்டார்கள்; அதன் விளைவாக உயிரிழந்தவர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. அந்தத் துக்கத்தினாலேயே ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆன்ஃபீல்டில் அன்றிரவு ஆர்சனல் வீரர்கள் கைகளில் மலர்க்கொத்துகளோடு களம் புகுந்து, அவற்றை ரசிகர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்த பின்னரே ஆட்டத்திற்கு ஆயத்தமானார்கள்.

கணக்கு எளிதானதுதான், நிறைவேற்றுவதுதான் அசாத்தியமாகத் தோன்றியது. லிவர்பூல் 76 புள்ளிகளுடனும், ஆர்சனல் 73 புள்ளிகளுடனும் நின்றன. வெற்றிக்கு மூன்று புள்ளிகள் ஆதலால், ஆர்சனல் வென்றால் இரண்டும் சமமாகும். சமமானால், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வருகிற மிச்சத்தைப் பார்ப்பார்கள். மூன்று நாட்களுக்கு முன்புதான் வெஸ்ட் ஹாம் அணியை ஐந்துக்கு ஒன்று என்று துவைத்தெடுத்திருந்த லிவர்பூலுக்கு அந்த மிச்சம் 39, ஆர்சனலுக்கு 35. ஆக, ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால் பயனில்லை. இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலோ, மிச்சமும் 37 என்று சமமாகி, அதிகக் கோல்கள் அடித்தவர் என்ற முறையில் ஆர்சனலுக்குப் பட்டம் கிடைக்கும். புத்தாண்டு தினத்துக்குப் பிறகு தோல்வியையே அறியாத லிவர்பூலை, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக எவரும் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றறியாத அவர்களுடைய மைதானத்திலேயே அப்படி வெல்ல வேண்டும்; ஆர்சனலோ அங்கே 1974-க்குப் பிறகு வெற்றியையே கண்டதில்லை. போதாததற்கு, அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களையும் சொந்த மண்ணிலேயே வீணடித்திருந்தார்கள்: டெர்பியிடம் தோல்வி, விம்பிள்டனுடன் சமநிலை.

இந்த நிலையில் ஆர்சனலின் மேலாளர் ஜார்ஜ் கிரகாம் செய்த காரியம்தான் நம்முடைய விஷயம். இரண்டு கோல்கள் கட்டாயம் அடித்தாக வேண்டிய ஆட்டத்திற்கு, அவர் ஒரு தாக்குதல் வீரரைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. தற்காப்பு வீரர் ஒருவரைச் சேர்த்தார். இருபத்திரண்டே வயதான தலைவர் டோனி ஆடம்ஸ், ஸ்டோக் அணியிலிருந்து அந்தப் பருவத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்த ஸ்டீவ் பூல்ட் ஆகிய இருவரோடு, பல ஆண்டுகளாக ஆர்சனலின் பின்வரிசையைக் காத்து வந்த டேவிட் ஒலியரியும் மத்தியில் நிறுத்தப்பட்டார். வலப்புறம் லீ டிக்சன், இடப்புறம் நைஜல் விண்டர்பர்ன். ஆக, கோல் காவலர் ஜான் லூகிச்சுக்கு முன்னால் ஐந்து பேர். பசித்தவன் உண்ணாவிரதம் மேற்கொண்ட கதையாக இருக்கிறதே என்று, பட்டியலைப் பார்த்த ஆர்சனல் ரசிகர் எவரேனும் நொந்துகொண்டிருந்தால், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு தர்க்கம் இருந்தது. அது வெறும் பயத்தின் விளைவு அன்று. முதலாவதாக, அது அன்றைக்குப் பிறந்த யோசனையன்று. ஏப்ரல் 2-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைட்டெட் அணியின் மைதானத்தில் இதே மூவரை மத்தியில் நிறுத்தி, ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை கண்டிருந்தார் கிரகாம். (அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் ஆடம்ஸே: ஒன்று எதிரியின் வலையில், மற்றது தம்முடைய வலையில்!) இரண்டாவதாக, மத்தியில் மூவர் இருந்தால் ஓரத்தில் நிற்கும் டிக்சனும் விண்டர்பர்னும் பின்னால் என்ன ஆகுமோ என்ற கவலையின்றி முன்னேறலாம். லிவர்பூலின் உயிர்நாடி ஓரங்களில்தான் ஓடியது. இடப்பக்கத்தில் ஜான் பார்ன்ஸும், வலப்பக்கத்தில் ரே ஹூட்டனும் பந்தை வாங்கித் திரும்புவதற்கு முன்பே அவர்களை மூச்சுத் திணற அடிக்க வேண்டுமானால், அதற்கு ஏற்றவர்கள் இந்த இருவரே. பின்வரிசையில் ஐவர் என்று காகிதத்தில் எழுதப்பட்ட வியூகம், களத்தில் எதிரியின் பாதிக்குள்ளேயே பந்தைப் பறிக்கும் வியூகமாக மாறிவிட்டதென்பதே அதன் சூட்சுமம்.

மூன்றாவது காரணம் ஆட்டத்தின் போக்கைப் பற்றியது. என் அபிப்பிராயத்தில் மூன்றினுள்ளும் தலையாயது இதுவே. முதற் பாதியில் கோலின்றி இருந்தாலும் கவலையில்லை, அவசரப்பட வேண்டாம் என்று கிரகாம் தம் வீரர்களுக்குச் சொல்லியிருந்தார். எதிரி முதல் கோலை அடித்துவிட்டால் ஆர்சனலுக்கு மூன்று வேண்டியிருக்கும். அத்துடன் கதை முடிந்தது. அவ்வாறின்றி நேரம் மட்டும் நகர்ந்துகொண்டே போனால், ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் பட்டம் தமதே என்ற ஞானம் லிவர்பூல் வீரர்களின் கால்களில் ஒருவித தயக்கத்தைப் புகுத்தும். முன்னேறுவதா, இருப்பதைக் காப்பதா என்று முடிவு செய்ய முடியாதவர்களாக அவர்கள் அன்றிரவு ஆடியதைப் படச்சுருளில் இன்றும் காணலாம். அவர்களுக்கு அது ஏழு நாட்களில் மூன்றாவது ஆட்டம் என்பதையும், அவற்றுள் ஒன்று எவர்ட்டனோடு கூடுதல் நேரம் வரை நீண்ட கோப்பை இறுதியாட்டம் என்பதையும் மறப்பதற்கில்லை.

இனி நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். முதற் பாதியில் கோல் விழவில்லை. பூல்ட் தலையால் முட்டிய பந்து ஒன்றை லிவர்பூலின் ஸ்டீவ் நிக்கல் இடைமறித்து வெளியே திருப்பினார். 52-ஆவது நிமிஷத்தில், விண்டர்பர்ன் தூக்கியடித்த மறைமுக ஃப்ரீ கிக்கை ஆர்சனலின் ஆலன் ஸ்மித் தலையால் உரசி வலைக்குள் அனுப்பினார். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் 23 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் இவர். ஸ்மித் பந்தைத் தொடவே இல்லை என்று லிவர்பூல் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொள்ள, அவர் எல்லைக்கோட்டு நடுவரிடம் சென்று கலந்து பேசிவிட்டு, கோல் கோலே என்று தீர்ப்பளித்தார். பிறகு ஆர்சனலின் மைக்கேல் தாமஸுக்கு அருமையான வாய்ப்பொன்று கிடைத்தது. அவரோ பந்தை லிவர்பூல் கோல் காவலர் குரோப்லாரின் கைகளுக்கே உருட்டிவிட்டார். தொண்ணூறு நிமிஷங்களும் கழிந்தன. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில், பந்தை மூலைக் கொடிக்கருகே கொண்டுபோய்க் காலம் கடத்தாமல் உள்ளே புக முயன்ற பார்ன்ஸிடமிருந்து கெவின் ரிச்சர்ட்சன் அதைப் பறித்து லூகிச்சிடம் தள்ள, லூகிச் கையால் டிக்சனுக்கு எறிய, டிக்சன் நெடுந்தூரம் உதைக்க, ஸ்மித் அதை அடக்கி, நடுவிலிருந்து ஓடி வந்த தாமஸின் பாதையில் சேர்த்தார். நிக்கல் மேல் பட்டுத் தெறித்த பந்து மீண்டும் தாமஸிடமே வர, அவர் சற்றே காத்திருந்து, குரோப்லார் தரையில் சாய்ந்த பின் அவருக்கு மேலாக வலைக்குள் தட்டினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் ஆர்சனலுக்கு வந்தது. தங்கள் கண்முன்னே பட்டத்தைப் பறிகொடுத்த லிவர்பூல் ரசிகர்கள் மைதானத்தை விட்டு அகலாமல் நின்று, வென்றவர்களுக்குக் கைதட்டினார்கள்; அந்தப் பெருந்தன்மையை ஆர்சனல்காரர்கள் இன்றைக்கும் நன்றியோடு குறிப்பிடுகிறார்கள்.

விவாதம் இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது. ஐவர் வியூகம்தான் பட்டத்தைக் கொணர்ந்தது என்று சொல்லுகிறவர்களுக்கு எதிர்க்கட்சியார் ஒரு கேள்வி போடுவார்கள்: தாமஸ் அந்தக் கோலை அடித்தபோது அந்த ஐவர் எங்கே இருந்தார்கள்? அக்காலத்து விதிப்படி மாற்று ஆட்டக்காரர் இருவர்தான். 73-ஆவது நிமிஷத்தில் பால் மெர்சனுக்குப் பதிலாக மார்ட்டின் ஹேஸையும், 76-ஆவது நிமிஷத்தில் பூல்ட்டுக்குப் பதிலாகத் தாக்குதல் வீரரான பெர்ரி குரோவ்ஸையும் இறக்கிய கிரகாம், தாம் கட்டிய வியூகத்தைத் தாமே கலைத்துவிட்டிருந்தார். ஆகவே வென்றது வியூகமா, அதைக் கைவிட்ட துணிச்சலா? இரண்டுமே என்பது என் கருத்து. எழுபத்தைந்து நிமிஷம் கட்டிக் காத்ததனால்தான் கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் கலைப்பதற்கு ஏதோ மிஞ்சியிருந்தது. ஆனால் தாமஸ் முதல் வாய்ப்பைப் போலவே இரண்டாவதையும் உருட்டிவிட்டிருந்தால், இதே தர்க்கத்தைக் கோழைத்தனம் என்று நாமெல்லோரும் ஒருமுகமாக ஏசியிருப்போம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேலாளர்கள் பாவம், பந்து தெறிக்கிற திசையைப் பொறுத்தே அறிவாளிகளாகவும் மூடர்களாகவும் ஆகிறார்கள்.

லிவர்பூல்காரர்களின் விவாதமும் சளைத்ததன்று. கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று வீரராக வந்து இரண்டு கோல்கள் அடித்த இயன் ரஷ்ஷை, ஜான் ஆல்ட்ரிட்ஜோடு முன்வரிசையில் நிறுத்தி, பந்தை இணைத்து ஆடுவதில் நிபுணரான பீட்டர் பியர்ட்ஸ்லியை வெளியே உட்கார வைத்தார் லிவர்பூலின் மேலாளர் கென்னி டால்க்லீஷ். 32-ஆவது நிமிஷத்திலேயே ரஷ் காயமுற்று வெளியேற, பியர்ட்ஸ்லி வந்துதான் தீர வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்கு முன் உங்களுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரை எந்த முகத்தோடு வெளியே வைப்பது என்று டால்க்லீஷின் பக்கம் நின்று கேட்டால், அதற்கு அவர்களிடம் தக்க பதில் கிடையாது.

கணிதப் பற்றுள்ள லிவர்பூல் ரசிகருக்கு மட்டும் இன்னொரு வாதம் கைவசம் உண்டு. அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களில் இரண்டு அணிகளும் 22-ல் வென்று, 10-ல் சமன் செய்து, 6-ல் தோற்றிருந்தன. ஆர்சனல் 73 கோல்கள் அடித்து 36 வாங்கியது. லிவர்பூல் 65 அடித்து 28 வாங்கியது. 1976-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் வழக்கிலிருந்த பழைய முறையின்படி, கழிக்காமல் வகுத்துப் பார்த்தால் லிவர்பூலுக்கு 2.32-ம் ஆர்சனலுக்கு 2.03-ம் வரும், பட்டம் லிவர்பூலுக்கே போயிருக்கும். ஆர்சனல் ரசிகர் இதற்கு விடை வைத்திருக்கிறார்: பழைய முறை இருந்திருந்தால் கிரகாம் அதற்கேற்ற பதினொருவரைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்கிறார் அவர். தம் அணியின் 22 வெற்றிகளில் பன்னிரண்டு வெளி மைதானங்களில் பெற்றவை, சொந்த மைதானத்தில் பெற்றவை பத்தே என்பதையும் அதே மூச்சில் எடுத்துச் சொல்லி, தங்கள் அந்நாளைய மைதானமான ஹைபரியில் டெர்பியிடம் தோற்ற நாளன்று யாரை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற அடுத்த விவாதத்துக்குப் போய்விடுகிறார்.