எவருக்கும் தோன்றக்கூடியதா?

சென்ற தவணையில் ஒரு மாணவன் எம்மிடம் கேட்டான்: "சேர், அப்பா சார்ஜாவில் மோட்டர் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறார். கம்பிச் சுருளை மோட்டருக்குள் இறக்கப் புதிய முறையொன்று கண்டிருக்கிறார். காப்புரிமை கிடைக்குமா? இது எவருக்கும் தோன்றும் என்கிறார் மாமா." தமிழ் வகுப்புக்குரிய கேள்வியன்று, ஆயினும் விட்டுவிட மனம் வரவில்லை.

முறை புதியது, பயனுள்ளது என்பது மட்டும் போதாது. அத்தொழிலில் தேர்ந்தவனுக்கு இயல்பாகவே தோன்றக்கூடியதாக அது இருத்தலாகாது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் இதனையே கேட்கிறது.

வட இந்தியாவின் மிர்சாப்பூரிலே பித்தளைப் பாத்திரங்களைக் கடைசற் பொறியிற் சுழற்றி மெருகிடுவர். பாத்திரம் பிடியைவிட்டுத் தெறிக்கும் ஆபத்து இருந்தது. எதிர்முனையிலிருந்து ஒரு தண்டினால் அழுத்திப் பிடிக்கும் முறைக்கு இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் 1951ஆம் ஆண்டிலிருந்து செல்லுபடியாகும் காப்புரிமை பெற்றது. அவ்வூரின் வேறொரு நிறுவனம் அம்முறையைக் கையாளவே வழக்கு மூண்டது. 1978 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாதென்றது. அத்தகைய தண்டு கடைசற் பொறிகளில் நெடுங்காலமாக உள்ளதே; அதனைப் பாத்திரத்திற்குப் பயன்படுத்தியது பட்டறைத் திருத்தமேயன்றிக் கண்டுபிடிப்பன்று என்பது தீர்ப்பு. ஆபத்தைக் குறைத்தவருக்கு இதுதானா பரிசு என்று எமக்கும் முதலில் மனம் கசந்தது.

ஆனால் இதனால் மாமா வென்றுவிடவில்லை. கரும்பலகையில் கணக்கைச் செய்து காட்டியபின் "இவ்வளவுதானா, சேர்!" என்று வகுப்பே கூறும். யாழ்ப்பாணத்தில் எத்தனை வருடங்கள் இதைக் கேட்டோம்! செய்து காட்டுமுன் கையுயர்த்தியவர் எத்தனை பேர்? நீதிமன்றமும், தொழிலை அறிந்த, ஆனால் இந்த விடையை அறியாத ஒருவனையே மனத்திற் கொள்ளச் சொன்னது.

மோட்டரின் செப்புக் கம்பிக்கு மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. உருக்கு உடலின் குறுகிய பள்ளங்களில் இறக்கும்போது அது உரசுண்டால் சுருள் எரிந்துவிடும். பள்ளத்தினுள் காப்புத் தாள் வைப்பது எல்லோரும் அறிந்தது. தாளைச் சற்றுத் தடிப்பாக்கினேன் என்றால் மாமா சொல்வதே சரி.

தகப்பனாரை அழைத்தோம். முறையைச் சொல்லவேண்டாம் என்று முதலிலேயே தடுத்தோம். விண்ணப்பிக்குமுன் வெளியிட்டாற் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். இந்த உரசலால் எத்தனை காலமாகத் தொல்லைப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்டோம்.

"நான் வந்து பதினொரு வருடம், சேர். எனக்கு முன்னிருந்தவர்களும் பட்டார்கள்."

"அத்தனை காலமும் ஏன் எவருக்கும் தோன்றவில்லை?" என்று அருகில் நின்ற மாமாவைக் கேட்டோம். அவர் சிரித்தார், விடை கூறவில்லை.

அடுத்த வாரம் வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவருமாறு தகப்பனாரிடம் சொல்லியனுப்பினோம். வேலையின் பொருட்டுச் செய்த கண்டுபிடிப்பு முதலாளிக்கே சேரக்கூடும்.