ஸ்டார் கொடுக்கும் செயலி, கூடப் பாடாத வீடு

ஆக்லாந்தில் குளிர்காலம் வந்தால் வெளியே மழை, உள்ளே மொபைல். எங்கள் வீட்டில் அந்த மொபைல்தான் கிட்டார் வாத்தியாரும். பன்னிரண்டு வயது மகன் ஒரு வருஷமாகச் செயலி வழியாகவே கற்றுக்கொள்கிறான்.

விளையாட்டாகக் கிட்டார் பழகுவது புது யோசனை இல்லை. 2005-ல் வந்த 'கிட்டார் ஹீரோ'வில் இருந்தது ஐந்து பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கிட்டார், தந்தியே கிடையாது. 2011-ல் 'ராக்ஸ்மித்' நிஜ எலெக்ட்ரிக் கிட்டாரை விளையாட்டோடு இணைத்தது. பின்லாந்தில் பிறந்த 'யூசிஷியன்' போன்ற செயலிகளுக்கு மொபைலின் மைக்கே போதும்.

மைக் கேட்பது அதிர்வெண்ணை. தடித்த ஆறாவது தந்தியைச் சும்மா மீட்டினால் விநாடிக்குச் சுமார் 82 அதிர்வு. மெல்லிய முதல் தந்திக்குச் சுமார் 330. திரையில் காட்டிய சுரம், காட்டிய நேரத்தில் விழுந்ததா என்று செயலி ஒப்பிடும். விழுந்தால் புள்ளி, ஸ்டார், அடுத்த லெவல்.

இதில் நன்மை உண்டு. "பிராக்டிஸ் பண்ணினியா?" என்று நான் கத்த வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நூறு தடவை தடுக்கினாலும் செயலி அலுத்துக்கொள்ளாது. வகுப்புக்கு ஃபீஸ் கட்டிக் காரில் கொண்டுபோய் விட முடியாத குடும்பத்துக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் மணிக்கட்டு தப்பாக வளைவது மைக்குக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஊரிலிருந்து பாட்டி வீடியோ காலில் "ஒரு பாட்டு வாசிடா கண்ணா" என்று கேட்டபோது அவன் சொன்ன பதில்: "ஸ்க்ரீன் இல்லாம எனக்கு எதுவும் வராது பாட்டி." கை நிறைய ஸ்டார் இருந்தும், பாட்டிக்கு வாசிக்க ஒரு பாட்டு இல்லை.

நியூசிலாந்துக்காரர்களிடம் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 1967-ல் வெளியான 'டென் கிட்டார்ஸ்' இங்கே விருந்துகளில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டாகிவிட்டது. கிட்டார் கைமாறும்; தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர் பாடுவார். யாரும் மார்க் போடுவதில்லை.

நமக்கும் பாட்டுக்குப் பஞ்சமா? 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'இளைய நிலா'வைக் கிட்டார் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? மகனின் செயலியில் இந்தப் பாட்டை நான் பார்த்ததில்லை. செயலி கொடுக்காததை வீடுதான் கொடுக்க வேண்டும். பேச்சுத் தமிழ் தயங்கும் பிள்ளைக்குக்கூடப் பாட்டு வழியாக நாலு தமிழ் வரி நாக்கில் ஏறும்.

செயலியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விரல் பழக அது இருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை மட்டும் மொபைலை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மூன்று கார்ட்ஸில் அடங்கும் ஒரு தமிழ்ப் பாட்டை எடுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் பாடுங்கள். சுருதி விலகினாலும் பாதியில் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் முடியுங்கள்.