எரிபொருள் வேண்டாத இயந்திரம்: எம்டிரைவ் கதை

2016ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் பாடசாலைச் சுவர்ப் பத்திரிகையில் நான் ஒரு சிறு குறிப்பு எழுதினேன். எரிபொருளே இல்லாமல் விண்வெளியில் ஓடக்கூடிய இயந்திரமொன்றை நாசா பரிசோதித்து வெற்றி கண்டுவிட்டது, இனிச் செவ்வாய்க்குப் போவது சில வாரப் பயணம்தான் என்பது அதன் சாரம். நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன். விஞ்ஞானம் என் பாடமல்ல. கண்ட செய்தியை நல்ல தமிழில் எழுதிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். அந்தக் குறிப்பு பிழை. பிழை என்று தெரிந்த பிறகும் அதை நான் திருத்தி எழுதவில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே தீர்க்கிறேன்.

முதலில், எரிபொருள் ஏன் அவ்வளவு பெரிய தலைவலி என்று பார்ப்போம். தோணியில் நின்றுகொண்டு ஒரு பாரமான கல்லைப் பின்னால் எறிந்தால் தோணி முன்னால் நகரும். ரொக்கட்டும் அதைத்தான் செய்கிறது. கல்லுக்குப் பதிலாகச் சூடான வாயுவை எறிகிறது, அவ்வளவுதான். எறிய ஏதாவது கையில் இருக்க வேண்டும். அதைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் கொஞ்சம். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன சட்டர்ன் 5 ரொக்கட் புறப்படும்போது ஏறத்தாழ 2,900 தொன் இருந்தது. அதில் மிகப் பெரும் பங்கு எரிந்து போவதற்காகவே ஏற்றப்பட்டது. வோயேஜர் 1 விண்கலம் செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க எழுபதாயிரம் வருடத்துக்கு மேலாகும். ஆகவே, எறியாமலே ஓடும் இயந்திரம் என்று ஒருவர் சொன்னால் உலகம் காது கொடுக்காமல் இருக்குமா?

சொன்னவர் ரோஜர் ஷோயர் என்ற பிரித்தானியப் பொறியியலாளர். 2001இல் இதற்கென்றே ஒரு கம்பனி தொடங்கினார். அவருடைய எம்டிரைவ் பார்வைக்கு மிக எளிமையானது. வாயை மூடிய ஒரு செப்பு வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அதற்குள்ளே நுண்ணலையைப் பாய்ச்ச வேண்டும். நம் வீடுகளில் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே அலைதான். அலை உள்ளே முட்டி மோதித் திரும்பும்போது அகன்ற பக்கத்தில் அழுத்தம் கூடுதலாகவும் ஒடுங்கிய பக்கத்தில் குறைவாகவும் இருக்கும், அந்த வித்தியாசமே உதைப்பு என்றார் ஷோயர்.

இங்கேதான் என் வகுப்பில் பத்தாம் தரத்துப் பையன் ஒருவன் எழும்பினான். "சேர், த்ரீவீலுக்குள்ள இருந்துகிட்டு முன் கண்ணாடியத் தள்ளினா த்ரீவீல் ஓடுமா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நாசாக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று கேட்டு அவனை உட்கார வைத்தேன்.

அவன் கேட்டது உந்தக் காப்பு விதி. வெளியே எதையும் தள்ளாத ஒரு பொருள் தன்னைத் தானே நகர்த்த முடியாது. வாளியின் சரிந்த பக்கச் சுவர்களிலும் அலை மோதுகிறது. அந்தத் தள்ளலையும் கணக்கில் சேர்த்தால் கடைசியில் மிஞ்சுவது பூச்சியம். ஆனால் நாசாவின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்த ஈகிள்வேர்க்ஸ் என்ற சிறிய ஆய்வுகூடம் பூச்சியம் அல்லாத ஒன்றை அளந்ததாகச் சொன்னது. ஹரோல்ட் வைட்டும் அவருடைய குழுவினரும் 2016 நவம்பரில் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு கிலோவாற்றுக்கு 1.2 மில்லிநியூட்டன். இது ஐந்தாறு அரிசி மணிகளின் பாரம். பரிசோதனையில் அவர்கள் பாய்ச்சியதோ 40 முதல் 80 வாற்று வரைதான். அப்படியானால் அளந்தது அரை அரிசி மணி! இருந்தாலும் வெறும் ஒளியைப் பின்னால் பாய்ச்சிப் பெறக்கூடிய உதைப்பைவிட இது முந்நூறு மடங்குக்கு மேல். ஆகவே சின்ன விசயமில்லை.

ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். சாத்தியமான பிழைகளையும் அந்தக் கட்டுரை எடுத்துச் சொல்லியிருந்தது. வெப்பத்தால் வரும் விரிவும் அதில் ஒன்று. செய்தி எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

சீனாவின் சிஆன் நகரிலும் ஒரு பல்கலைக்கழகக் குழு இதைவிடப் பெரிய உதைப்பை முன்பு அறிவித்திருந்தது. பிறகு வெளியிலிருந்து வரும் மின்கம்பிகளை நீக்கி, மின்கலத்தை இயந்திரத்தோடே பொருத்தி அளந்தபோது அது காணாமற் போயிற்று.

உண்மையைத் தோண்டி எடுத்தது ஜேர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டஜ்மார் குழு. 2018இல் அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வாளிக்குள் போகும் நுண்ணலையை அநேகமாக இல்லாத அளவுக்குக் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். உதைப்பு குறையவேயில்லை! விளக்கை அணைத்த பிறகும் அறையில் அதே வெளிச்சம் இருந்தால் என்ன அர்த்தம்? வெளிச்சம் விளக்கிலிருந்து வரவில்லை. மின்கம்பியில் ஓடும் மின்னோட்டமும் பூமியின் காந்தப் புலமும் சேர்ந்து தராசை அசைப்பதாக அவர்கள் சந்தேகித்தார்கள். தராசின் அமைப்பை மாற்றி மாற்றி மீண்டும் அளந்தார்கள். 2021இல் முடிவை வெளியிட்டார்கள்: இயந்திரம் சூடாகும்போது உலோகம் நெளிகிறது, பாரம் சற்றே இடம் மாறுகிறது, தராசு அதை உதைப்பு என்று காட்டுகிறது. அந்தக் கோளாற்றை நீக்கினால் மிச்சம் ஒன்றுமில்லை.

கேள்வி கேட்ட பையன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். சென்ற மாதம் வாட்ஸப்பில் அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்: நீ சொன்னதுதான் சரி, அன்று உன்னை உட்கார வைத்தது என் பிழை என்று. அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. "அப்ப வேற வழியே இல்லயா சேர்?" என்று மட்டும் கேட்டான்.

இருக்கிறது. மின்னேற்றிய வாயுவை மிக வேகமாக எறியும் அயன் இயந்திரம். 2007இல் புறப்பட்ட டோன் விண்கலம் செனன் வாயுவைச் சிறுகச் சிறுக எறிந்தே வெஸ்டா, செரெஸ் என்ற இரண்டு சிறு உலகங்களைச் சுற்றி வந்தது. அதன் உதைப்பு ஒரு கடதாசித் தாளின் பாரத்தைவிட அவ்வளவு அதிகமில்லை. மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்ட நாலு நாளுக்கு மேல் பிடிக்கும்; ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தாமல் தள்ளும். இதையும் சொல்லி அனுப்பினேன்.

"நாலு நாளா? நம்மட ஊர் பஸ் பரவாயில்ல சேர்" என்று பதில் வந்தது.