கப்பலைக் கட்டிப்போட்ட சொல்!

"எம்பார்கோ" என்று ஓர் இங்கிலீஷ் சொல். வெளிநாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும். இன்ன நாட்டோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று அரசாங்கம் போடும் தடைதான் அது.

மக்களே கூடி, "அவன் சரக்கை வாங்கமாட்டோம்" என்றால் அதற்குப் பெயர் "பாய்காட்". அரசாங்கம் உத்தரவு போட்டால்தான் எம்பார்கோ.

ஸ்பெயின் நாட்டுச் சொல் இது. தடுத்து நிறுத்துவது என்று பொருள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் நகரக்கூடாது என்று அரசர் போடும் உத்தரவுக்கே முதலில் இந்தப் பெயர் வழங்கியது.

தன் கப்பலுக்கே தடை!

1807-ம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் கடும் போர். இரண்டும் அமெரிக்க வியாபாரக் கப்பல்களைப் பிடித்தன. இங்கிலாந்துக் கடற்படை, அமெரிக்க மாலுமிகளையே இழுத்துப்போய் வேலை வாங்கியது.

ஜனாதிபதி ஜெபர்சனுக்குப் போரில் விருப்பம் இல்லை. நம் சரக்கு கிடைக்காவிட்டால் தானே இறங்கி வருவார்கள் என்று கணக்குப் போட்டார். டிசம்பரில் சட்டம் வந்தது. அமெரிக்கக் கப்பல் எதுவும் அயல்நாட்டுக்குப் போகக்கூடாது!

அடி யார் மீது விழுந்தது? அமெரிக்கர் மீதேதான்! கப்பல்கள் சும்மா நின்றன. மாலுமிகளுக்கு வேலை போயிற்று. பருத்தியும் புகையிலையும் தேங்கின. 10 கோடியே 80 லட்சம் டாலருக்கு நடந்த ஏற்றுமதி, மறு ஆண்டே 2 கோடியே 20 லட்சமாகச் சுருங்கியது. இங்கிலாந்து வியாபாரிகளோ தென் அமெரிக்காவில் புதிய சந்தை தேடிக்கொண்டார்கள்.

கடித்த ஆமை

கனடா எல்லையில் கள்ளக் கடத்தல் பெருகியது. அந்தச் சொல்லின் இங்கிலீஷ் எழுத்துக்களைத் திருப்பிப் படித்தால் "ஓ கிராப் மீ" என்று வரும். "ஐயோ, என்னைப் பிடி" என்று அர்த்தம்! ஓர் ஓவியர் அந்தப் பெயரில் ஓர் ஆமையை வரைந்தார். பீப்பாய் தூக்கிக் கடத்துகிறவனின் கால்சட்டையை ஆமை பின்னால் கவ்வி இழுக்கிறது. ஊரே சிரித்தது.

1809 மார்ச்சில், பதவி முடிய மூன்றே நாள் இருக்கும்போது, ஜெபர்சன் அந்தச் சட்டத்தை நீக்கினார். சண்டைக்கார நாடுகள் இரண்டுக்கு மட்டும் தடை நீடித்தது.

பத்திரிகை ஆபீசிலும் இந்தச் சொல் உண்டு. "இத்தனை மணிக்கு முன் வெளியிடக்கூடாது" என்று வரும் செய்திக்கும் எம்பார்கோ என்றே பெயர்.

1,200 சுருட்டு

1962 பிப்ரவரியில் கியூபாவுக்கு அமெரிக்கா தடை போட்டது. ஜனாதிபதி கென்னடிக்கோ கியூபா சுருட்டு என்றால் உயிர். முதல் நாள் மாலை, தம் பத்திரிகைச் செயலாளர் சாலிஞ்சரைக் கூப்பிட்டார். காலைக்குள் ஆயிரம் சுருட்டு வேண்டும் என்றார். சாலிஞ்சர் கடை கடையாக அலைந்து 1,200 சேர்த்துவிட்டார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

சுருட்டு வந்தாயிற்று என்று கேட்ட பிறகே, கென்னடி மேஜையைத் திறந்து தடை உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாராம்!