குறுக்குவில்லில் முதலில் தேய்வது எது?

வேட்டைக் குறுக்குவில் எத்தனை காலம் தாங்கும் என்று தேடத் தொடங்கியபோது, உலோகப் பாகங்களைத்தான் நான் முதலில் நினைத்தேன். விடை நாணில் இருந்தது. ஒவ்வொரு முறை எய்யும்போதும் நாண், அம்பு செல்லும் தடத்தில் உரசுகிறது. மெழுகு பூசாவிட்டால் இழைகள் பிரிந்துவிடும்.

அதைவிட ஆபத்தானது, அம்பு வைக்காமல் விசையை அழுத்துவது. அம்போடு போக வேண்டிய சக்தி வில்லுக்கே திரும்புவதால் கண்ணாடியிழைக் கைகள் பிளக்கலாம். அறுந்த நாண் எய்பவரையே காயப்படுத்தலாம்.

சீனாவின் சியான் அருகே 1974இல் வெளிப்பட்ட சுடுமண் படையின் போர்வில்களும் இதையே சொல்கின்றன. சுமார் 2,200 ஆண்டுகளில் மரமும் நாணும் பெரும்பாலும் மக்கிப்போயின. வெண்கல விசைகள் மிஞ்சின.

ஆகவே, பழைய வில் வாங்குபவர் பளபளப்பை நம்பக்கூடாது. நாணையும், கைகளில் மயிரிழை வெடிப்பு உண்டா என்பதையுமே பார்க்க வேண்டும்.