தோற்றத்தை நம்பாதீர், முகவரியைப் படியுங்கள்

ஏடிஎம் இயந்திரத்தில் பணம் வராமலேயே கணக்கில் தொகை குறைந்துவிட்டால், வாடிக்கையாளர் பலர் உடனே கைப்பேசியை எடுத்து வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடுகின்றனர். மோசடியாளர்கள் காத்திருப்பதும் அவ்விடத்தில்தான். தேடலில் முதலாவதாகத் தோன்றுவது, பணம் செலுத்தி இடம்பெற்ற விளம்பரமாக இருக்கலாம். வரைபடச் செயலிகளில் உள்ள தொலைபேசி எண்களைத் திருத்துமாறு எவரும் பரிந்துரைக்க இயலும். ஆகவே, முதலில் தெரியும் எண் வங்கியுடையதுதான் என்று கொள்வதற்கில்லை.

தளத்தின் தோற்றமும் சான்றாகாது. வங்கியின் சின்னத்தையும் நிறத்தையும் எளிதில் நகலெடுக்கலாம். சில உலாவிகளில் முகவரியின் அருகே காணப்படும் பூட்டுக்குறி, நாம் அனுப்பும் தகவலை இடைவழியில் பிறர் படிக்க இயலாது என்பதை மட்டுமே உணர்த்தும். அத்தகவலைப் பெறுபவர் நேர்மையானவரா என்பதை அது கூறாது. போலித் தளங்களும் அக்குறியைப் பெற்றுவிடுகின்றன.

எனில், எதனை நோக்குவது? முகவரியை. இந்திய வங்கிகளுக்கு மட்டுமே உரிய ‘பேங்க்.இன்’ என்னும் இணைய முகவரியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் எனவும் பணித்தது. ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி நிறுவனமே இம்முகவரிகளைப் பதிவு செய்கிறது. வெளியார் இதனைப் பெற இயலாது.

முகவரியைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், ‘.பேங்க்.இன்’ என்று முடிய வேண்டும். ‘பேங்க்.இன்.ஹெல்ப்.காம்’ என முடிந்தால், அது ‘ஹெல்ப்.காம்’ என்ற பெயரை வைத்திருப்பவருடையது. ‘பேங்க்’ என்பதற்கு முன் புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு இருப்பினும் அது வேறொருவருடையதே.

உதவி எண்ணைப் பொறுத்தவரை, தேட வேண்டிய தேவையே இல்லை. பற்று அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்ணே போதுமானது. எவர் கேட்பினும் ஓடிபியையும் பின் எண்ணையும் கூறாதீர்கள். வங்கி அவற்றை ஒருபோதும் கேட்பதில்லை. வாடிக்கையாளரே அவற்றைப் பகிர்ந்து இழப்பு ஏற்பட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்தது. ஏமாற்றப்பட்டதாக ஐயுற்றால், கணமும் தாமதியாது வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் கிடைத்தால்தான் அதனைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.